உடைந்த கண்ணாடிகளை எண்ணிய பிள்ளைகள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் என்றதும் மேசை மலையும் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். அந்த நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் கயலிட்சா என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. நிறவெறி ஆட்சி தன் கடைசிக் காலத்தில், 1980-களில், கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே ஒதுக்கி வைக்க உருவாக்கிய இடம் அது. 2008-இல் இக்வல் எஜுகேஷன் என்ற அமைப்பு அங்கே தொடங்கப்பட்டது. பள்ளி மாணவர்கள்தான் அதன் முதுகெலும்பு; அவர்களுக்கு 'ஈக்வலைசர்ஸ்' என்று பெயர். ஆரம்பத்தில் அவர்கள் கையில் கேமராவைக் கொடுத்து, உங்கள் பள்ளியில் எது சரியில்லையோ அதைப் படம் பிடித்து வாருங்கள் என்றார்கள். வந்த படங்களில் லுஹ்லாசா உயர்நிலைப் பள்ளியின் ஜன்னல்களும் இருந்தன. 500 கண்ணாடிகள் உடைந்து, நான்கு ஆண்டுகளாக அப்படியே கிடந்தன. கேப் டவுனில் மழை பெய்வது குளிர்காலத்தில். அதாவது, காற்றும் சாரலும் வகுப்புக்குள் வரும், பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே பாடம் கேட்பார்கள். மாணவர்கள் எண்ணிக் கணக்கெடுத்தார்கள், அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள், பேரணி நடத்தினார்கள். மாகாணக் கல்வித் துறை பணம் ஒதுக்கிக் கண்ணாடி போட்டது.

சின்ன விஷயம்தான். ஆனால் அவர்கள் செய்ததையும் நாம் வழக்கமாகப் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'இளைய சமுதாயமே எழுந்து வா' என்று தலைப்புக் கொடுத்துப் பேச்சுப் போட்டி வைப்போம். கல்வி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், சுகாதாரம் காக்கப்பட வேண்டும் என்று மாணவி முழங்குவார். கைதட்டி, ஒரு டிபன் பாக்ஸைப் பரிசாகக் கொடுத்து அனுப்பிவைப்போம். அந்த முழக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி என்று யாரும் இல்லை. அவர் எந்தப் பள்ளியைப் பற்றி, எந்தக் குறையைப் பற்றி, யாரிடம், எந்தத் தேதிக்குள் கேட்கிறார் என்பது அந்தப் பேச்சில் எங்கும் வராது. கயலிட்சா பிள்ளைகளின் கோரிக்கையில் இந்த நான்கும் இருந்தன. அதனால்தான் அதை ஏற்கவோ மறுக்கவோ ஒருவர் வேண்டியிருந்தது. இளைஞர்களுக்கு அதிகாரம் அளித்தல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மேடையும் ஒலிபெருக்கியும்தான். என் வாதம் இதுதான்: இளைஞர்களுக்குக் குறைவாக இருப்பது குரல் அல்ல, எழுதிவைத்த ஒரு தரம், அதற்கு ஒரு தேதி, தவறினால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள். இவை மூன்றும் கிடைத்தால் பதினாறு வயதுப் பிள்ளையும் கொள்கையை அசைக்கும். கிடைக்காவிட்டால் எத்தனை பயிலரங்கு நடத்தினாலும் கடைசியில் மிஞ்சுவது குழுப் புகைப்படம்தான்.

ஜன்னலிலிருந்து நாட்டுக் கொள்கைக்கு அவர்கள் போன வழியைப் பார்த்தால் இது தெளிவாகும். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு அடிப்படைக் கல்வியை உரிமையாக்குகிறது. வீட்டுவசதிக்கும் மருத்துவத்துக்கும் உள்ளதுபோல, 'கையிருப்பைப் பொறுத்துப் படிப்படியாக' என்ற தளர்வு அந்த உரிமைக்கு இல்லை. 2011-இல் டர்பனின் ஜூமா மஸ்ஜித் தொடக்கப் பள்ளி வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றமே இதை உறுதிசெய்தது. ஆனால் பள்ளி என்றால் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. அதை விதியாக வெளியிடும் அதிகாரத்தை 2007-இல் பள்ளிச் சட்டத்தில் சேர்த்த ஒரு திருத்தம் கல்வி அமைச்சருக்குத் தந்தது. அமைச்சர் வெளியிடவில்லை. தரம் என்று ஒன்று எழுத்தில் இல்லாத வரை, எந்தப் பள்ளியும் தரத்துக்குக் கீழே இல்லை. எவ்வளவு வசதியான நிலைமை பாருங்கள். பிள்ளைகள் இங்கேதான் பிடித்தார்கள். அரசே 2011-இல் வெளியிட்ட பள்ளிக் கட்டமைப்பு அறிக்கையை எடுத்தார்கள். மொத்தம் 24,793 அரசுப் பள்ளிகள். 3,544-இல் மின்சாரம் இல்லை. 2,402-இல் தண்ணீர் இல்லை. 913-இல் கழிப்பறையே இல்லை. 11,450-இல் குழிக் கழிப்பறைகள் புழக்கத்தில் இருந்தன. புத்தகங்கள் உள்ள நூலகம் இல்லாத பள்ளிகள் 22,938. அந்த ஆண்டு மார்ச் 21, மனித உரிமை நாளன்று, சுமார் 20,000 பேர் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். அவர்கள் கேட்டது 'நல்ல கல்வி' என்ற பொதுவான ஒன்றை அல்ல. குறைந்தபட்சத் தர விதிகளை அரசிதழில் வெளியிடு என்று குறிப்பாகக் கேட்டார்கள். 2012-இல் வழக்குப் போட்டார்கள். அமைச்சர் முதலில் சமரசத்துக்கு வந்தார், பிறகு இழுத்தடித்தார். கடைசியில் 2013 நவம்பர் 29 அன்று விதிகள் வெளியாயின. மண்ணாலும் மரத்தாலும் ஆஸ்பெஸ்டாஸாலும் கட்டிய பள்ளிகளை மாற்றவும், மின்சாரம், தண்ணீர், கழிப்பறை அறவே இல்லாத பள்ளிகளுக்கு அவற்றைத் தரவும் மூன்று ஆண்டு. போதிய வகுப்பறைக்கும் சுற்றுவேலிக்கும் ஏழு. நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் பத்து. வெறும் குழிக் கழிப்பறை எந்தப் பள்ளியிலும் கூடாது என்பதும் விதியாயிற்று.

இந்த முறையைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு மூத்த முன்னோடி உண்டு, அது சுகாதாரத் துறையில். 1998 டிசம்பரில் ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின் என்ற எய்ட்ஸ் இயக்கம் அங்கே உருவானது. அதன் முன்னணியில் நின்ற ஜாக்கி அக்மத் பின்னாளில் இக்வல் எஜுகேஷன் தொடங்கவும் துணை நின்றவர். அந்த இயக்கத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேலையில்லாத ஏழைகள், அவர்களிலும் இளம்பெண்கள் அதிகம். அவர்களுக்கு அது முதலில் கற்றுக்கொடுத்தது கோஷம் போட அல்ல, எச்.ஐ.வி. உடலுக்குள் என்ன செய்கிறது, எந்த மருந்து எப்படி வேலை செய்கிறது, பக்கவிளைவு என்ன, காப்புரிமையால் விலை ஏன் ஏறுகிறது என்பதை. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட நோய் எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கையைப் பற்றி மருத்துவரிடம் விவாதிக்கும் நிலைக்கு வந்தார்கள். அதிபர் தாபோ உம்பெக்கி எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதையே ஐயப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதைப் பெருமளவு குறைக்கும் நெவிரபின் மருந்தை ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகத் தருவதாகத் தயாரிப்பு நிறுவனமே முன்வந்தும், மாகாணத்துக்கு இரண்டு இடங்களில் மட்டும் சோதனையாகக் கொடுப்போம் என்றது அரசு. இயக்கம் தொடுத்த வழக்கில், 2002 ஜூலை 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. மருந்தைப் பற்றி அமைச்சரைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் வெளியே நிற்கும்போது, இது நிபுணர்கள் முடிவுசெய்ய வேண்டியது, நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி. மருந்துகளை அரசு தாமதப்படுத்தியதன் விலை என்ன என்று 2008-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள்.

பிள்ளைகள் இப்படிக் கொள்கையைக் கேள்வி கேட்பதற்கு வரும் முதல் ஆட்சேபம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். பிள்ளைகளுக்கு என்ன தெரியும், யாரோ பின்னால் இருந்து ஆட்டுவிக்கிறார்கள். 2013-இல் தென்னாப்பிரிக்கக் கல்வி அமைச்சகமே, வெள்ளைக்காரப் பெரியவர்கள் கறுப்பினக் குழந்தைகளை அரை உண்மைகளைச் சொல்லித் திரட்டுகிறார்கள் என்ற பொருளில் அறிக்கை விட்டது. அந்த நாட்டின் வரலாற்றில் இது சாதாரணக் குற்றச்சாட்டு அல்ல, எளிதில் ஒதுக்கிவிடவும் கூடாது. பெரியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. வழக்கறிஞர்கள் இருந்தார்கள், பட்ஜெட் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆலை முதலாளிகள் சங்கம் அமைச்சரிடம் போகும்போது கையில் ஆடிட்டரும் வக்கீலும் எழுதிக்கொடுத்த மனுதானே இருக்கிறது? அவர்களை யாரும் பொம்மை என்பதில்லை. உதவியாளர் இருப்பது குற்றம் என்றால் உதவியாளர் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவருக்குக் குரலே கிடையாது என்று ஆகும். சோதிக்க வேண்டியது வேறு: பிள்ளைகள் சொல்வது சரிபார்க்கக் கூடியதா? 500 கண்ணாடியை யார் எண்ணினாலும் 500-தான். 11,450 குழிக் கழிப்பறைப் பள்ளிகள் என்பது அமைச்சகத்தின் சொந்த அறிக்கையில் இருந்த எண். எண்ணும் விதியும் முன்னால் இருக்கும்போது, பேசுபவரின் வயதும் நிறமும் வாதத்தின் மையத்திலிருந்து விலகிவிடுகின்றன. ஆட்டுவிக்கப்படும் கூட்டத்துக்கும் கற்றுக்கொண்ட கூட்டத்துக்கும் இதுதான் வேறுபாடு. முன்னதை எதிர்க்கேள்வி ஒன்றே கலைத்துவிடும்.

படிக்கிற வயதில் படிக்கட்டும், இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். நம் வீடுகளில் இதுதான் அதிகம் கேட்கும். பெற்றோரின் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு தலைமுறையின் ஒரே ஏணி அந்தப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணாக இருக்கும்போது பயம் வரத்தான் செய்யும். ஆனால் தண்ணீர் இல்லாத கழிப்பறையால் மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கு வராத பெண்ணுக்கு, படிப்பும் கழிப்பறைக் கோரிக்கையும் இரண்டு தனித்தனி வேலைகளா என்ன? கயலிட்சாவில் 2009-இல் மாணவர்கள் நடத்திய இயக்கங்களில் ஒன்று பள்ளிக்குத் தாமதமாக வருவதற்கு எதிரானது. அதில் அவர்களே தங்கள் சக மாணவர்களைத்தான் திருத்த முயன்றார்கள். உரிமை கேட்கிற பிள்ளை ஒழுங்கு கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு இதுவே பதில். அதோடு, பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு ஓட்டு இல்லை. பெரியவர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கோபத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வரலாம். பள்ளிக் கொள்கையால் அன்றாடம் பாதிக்கப்படும் இவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. இவர்கள் வாக்காளர் ஆகும் நாளில் பள்ளியை விட்டே போயிருப்பார்கள்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது? விதிகள் வெளியான அதே காலத்தில், 2014 ஜனவரியில், லிம்போபோ மாகாணத்துப் பள்ளி ஒன்றில் ஐந்து வயதுச் சிறுவன் குழிக் கழிப்பறைக்குள் விழுந்து இறந்தான். முதல் காலக்கெடுவான 2016 நவம்பர் வந்தது, போனது. மண் பள்ளிகளும் குழிகளும் மிச்சம் இருந்தன. 2018 மார்ச்சில் கிழக்கு கேப் மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அதே விதமாக இறந்தாள். அப்படியானால் அரசிதழ்க் காகிதம் யாரைக் காப்பாற்றியது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேதி என்று ஒன்று எழுதப்பட்டிருந்ததால், தவறியபோது அது வெறும் துயரச் செய்தியாகக் கடந்துபோகவில்லை, சட்ட மீறல் ஆயிற்று. 2018 ஜூலை 19 அன்று பிஷோ உயர் நீதிமன்றம், நிதியும் மற்றத் துறைகளின் ஒத்துழைப்பும் கிடைத்தால்தான் செய்வோம் என்று விதிகளுக்குள் அரசு ஒளித்து வைத்திருந்த தப்பும் வழியைச் செல்லாது என்றது. அதே ஆண்டு அதிபர் ராமபோசா குழிக் கழிப்பறைப் பள்ளிகளை நாடு முழுக்கக் கணக்கெடுக்கச் சொன்னார். ஏறக்குறைய 3,900 பள்ளிகள் பட்டியலில் வந்தன. 2019-இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் லிம்போபோ சிறுவனின் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பட்டியலில் இருந்த பள்ளிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வேலை முடிந்ததாக 2025-இல் அரசு அறிவித்தது. பட்டியலில் விடுபட்ட பள்ளிகளின் கதை வேறு. ஆனாலும், 11,450-இலிருந்து இந்த இடத்துக்கு வந்தது அமைச்சர்களின் தானான மனமாற்றத்தால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கொரோனாக் காலத்தில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. 2020-இல் பள்ளிகள் மூடியபோது அங்கே 90 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் மதிய உணவு நின்றுபோனது. ஜூனில் சில வகுப்புகள் மட்டும் திறந்தன. உணவு எல்லோருக்கும் வரவில்லை. 1956-லிருந்து மதிய உணவைப் பார்த்து வளர்ந்த நம் ஊர் வாசகருக்கு, ஒரு வேளைச் சாப்பாடு நிற்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இக்வல் எஜுகேஷனும் லிம்போபோவின் இரண்டு பள்ளி நிர்வாகக் குழுக்களும் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வீட்டில் என்ன சாப்பிட்டோம், எப்போது சாப்பிடவில்லை என்று மாணவர்களும் பெற்றோரும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார்கள். ஜூலை 17 அன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும், பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும், உணவு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எத்தனை வேளை உணவு தரப்பட்டது என்று அரசு நீதிமன்றத்துக்குத் தொடர்ந்து அறிக்கை தர வேண்டும் என்பதும் உத்தரவு. எனக்கு அந்த இரண்டாவது பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. வெற்றி பெற்றபின் யாரும் கவனிக்காத மாதங்களில்தான் நல்ல தீர்ப்புகள் செத்துப்போகின்றன.

தோல்வியையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூனில் அந்த விதிகளைத் திருத்தியபோது நாடு முழுவதற்குமான காலக்கெடுத் தேதிகளை அரசு நீக்கியது. பத்தாண்டுப் போராட்டத்தில் பிள்ளைகள் பெற்ற மிகக் கூர்மையான கருவி அதுதான். அதனால்தான் அதில் கை வைத்தார்கள். நான் மேலே சொன்ன வாதத்துக்கு எதிர்த்தரப்பே தந்த சான்றிதழாக இதை எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று, கசப்பானது. 2018-இல் இக்வல் எஜுகேஷனின் தலைமையில் இருந்தவர்கள் மீதே பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அமைப்பு ஆட்டம் கண்டது. பிள்ளைகளோடு வேலை செய்யும் இயக்கம், தன் லட்சியம் நல்லது என்பதால் தன்னைக் கேள்விக்கு அப்பாற்பட்டது என்று நினைக்கக் கூடாது. அமைச்சரிடம் பதில் கேட்கக் கற்றுக்கொடுக்கும் அமைப்பு, தன்னிடமும் பதில் கேட்கும் வழியை, புகார் சொல்லும் இடத்தை, வெளியாள் விசாரிக்கும் ஏற்பாட்டை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். பெற்றோரின் தயக்கத்தில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது, அது நியாயமான பாதி.

நம் பக்கம் வருவோம். வேடிக்கை என்னவென்றால், தென்னாப்பிரிக்கப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற அந்தக் காகிதம் நமக்கு 2009-லேயே கிடைத்துவிட்டது. கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள்: ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், தடையின்றி உள்ளே வரும் வசதி, மதிய உணவு சமைக்க இடம், விளையாட்டுத் திடல், நூலகம். சட்டம் நடைமுறைக்கு வந்த 2010 ஏப்ரல் 1-லிருந்து மூன்று ஆண்டுக்குள் எல்லாம் இருக்க வேண்டும் என்று தேதியும் உண்டு. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறை என்று தனியாகவும் உத்தரவிட்டது. தரம் இருக்கிறது, தேதி இருக்கிறது. பல பள்ளிகளில் கட்டடமும் இருக்கிறது. தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, சாவி யாரிடம் என்பது அங்கே படிக்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளையைத்தான் நாம் கேட்பதில்லை. சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர், ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகளைச் சொல்கிறது; நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்ற வகையில் நல்ல சட்டம். மாணவர் பெயர் அதில் இல்லை. மத்திய அரசின் மாதிரி விதிகள் மட்டும், பெற்றோர் விரும்பினால் உள்ளூர்க் கல்வியாளர் அல்லது பள்ளிக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சன்னமான கதவைத் திறந்து வைத்தன. தென்னாப்பிரிக்காவின் 1996 பள்ளிச் சட்டமோ எட்டாம் வகுப்பு முதல் மாணவர் பிரதிநிதிகளுக்கு நிர்வாகக் குழுவில் இடம் தந்தே ஆக வேண்டும் என்கிறது. நம் கிராம சபையிலும் வாக்காளர் பட்டியலில் இருப்பவரே உறுப்பினர். பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2006 முதல் மக்கள கிராம சபை என்று குழந்தைகளுக்கே தனியாக ஊராட்சிக் கூட்டம் நடத்தும் ஏற்பாடு உண்டு. பல ஊர்களில் அது சடங்காகிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சடங்காகவாவது ஓர் ஏற்பாடு இருந்தால், ஏன் நடக்கவில்லை என்று கேட்கவாவது முடியும்.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் யுடைஸ் (UDISE) என்ற அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் போட்டால் அந்தப் பள்ளியில் கழிப்பறை எத்தனை, பயன்பாட்டில் உள்ளவை எத்தனை, குடிநீர், நூலகம், சாய்தளம் இருக்கிறதா என்று பள்ளி தானே அரசுக்குக் கொடுத்த விவரம் இணையத்தில் வரும். தமிழ்நாட்டில் 2024-இல் மேலாண்மைக் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலர் அந்தக் குழுவில் இருக்கலாம், இல்லாவிட்டால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு முன்னாள் மாணவராகவாவது இருப்பீர்கள். அந்த யுடைஸ் அறிக்கையை அச்செடுத்து, எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் நான்கு பிள்ளைகளிடம், அதில் இரண்டு பேராவது பெண்களாக, கொடுங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது அவரைக் குற்றம் சாட்டும் வேலை அல்ல, மேலிடத்தில் அவர் கேட்டுக் கேட்டுச் சலித்த நிதிக்குத் துணை என்று அவருக்கே விரைவில் தெரியும். காகிதத்தில் உள்ளதையும் கண்ணால் பார்ப்பதையும் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதட்டும். பெயர் போட வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். அடுத்த கூட்டத்தில் அதை நீங்கள் வாசிக்காதீர்கள், அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தையும், யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்பதையும் சேர்த்து எழுதச் செய்துவிட்டு, அதற்கடுத்த கூட்டத்துக்கு அதே நான்கு பேரை மறுபடி அழையுங்கள்.